எங்கும் ஓடியது, எவருக்கு உதவியது? ஜாவா மின்னஞ்சற் செயலிகளும் பாவனையாளர் கண்டனமும்

கணினித்துறை சார்ந்த வழக்கொன்றிற் கலைப்பீடத்தவர் வாய்திறப்பது வரம்புமீறல் என்று கருதுவோர் நமது பல்கலைக்கழகங்களிற் பலர் உளர். அக்கருத்து எத்துணைத் தவறானது என்பதை ஒரு சிறு வரலாற்றைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுதான்: ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதப்பெற்ற மேசைக்கணினி மின்னஞ்சற் செயலிகளைச் சாதாரண பாவனையாளர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது. ஆயின் அதனுள் அடங்கியுள்ள வினா சிறியதன்று. ஒரு கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை அதனைச் செய்தவனுக்கு உரியதா, அதனோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவனுக்கு உரியதா என்பதே அவ்வினா.

1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது அதனோடு ஒரு வாக்குறுதியும் வெளிவந்தது. ஒருமுறை எழுதினாற் போதும், எங்கும் ஓடும் என்பது அவ்வாக்குறுதி. விண்டோஸ், மக்கின்டோஷ், யுனிக்ஸ் என ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் வெவ்வேறாக நிரல் எழுதி அலுத்திருந்தோருக்கு இது தேவவாக்காகவே ஒலித்தது. ஜாவா நிரல் நேரடியாகக் கணினியின் இயந்திரமொழிக்கு மாற்றப்படுவதில்லை. இடைநிலையான குறிமொழி ஒன்றுக்கு மாற்றப்பட்டு, அந்தந்தக் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் 'மெய்நிகர் இயந்திரம்' ஒன்றினால் இயக்கப்படுகிறது. இந்த இடைத்தரகரே வாக்குறுதியின் உயிர்நாடி. பின்னர் எழுந்த முறையீடுகளிற் பெரும்பாலானவற்றின் ஊற்றும் அவரே.

இந்த நம்பிக்கையின் வேகத்தில் எழுந்த முயற்சிகள் பல. கோரல் நிறுவனம் தனது அலுவலகச் செயலித் தொகுதியை ஜாவாவில் எழுத முற்பட்டு 1997 இலேயே கைவிட்டது. நெட்ஸ்கேப் நிறுவனம் தனது மின்னஞ்சற் செயலியை ஜாவாவில் எழுதத் தொடங்கி, முற்றுப்பெறாத நிலையில் 1998 இல் மொசில்லா திட்டத்தின் வழியே அதன் மூலநிரலைப் பொதுவிற் கையளித்தது. அதற்குக் கிரெண்டல் என்று பெயர். (பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபில் வரும் அரக்கனின் பெயரும் கிரெண்டலே. தன் படைப்புக்குத் தோற்கப்போகும் அரக்கனின் பெயரை இடுவோரின் மனநிலை தனி ஆய்வுக்குரியது.) 2000களின் முற்பாதியில் கொலம்பா என்னும் திறந்தமூலச் செயலி வந்தது. 2007 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது லோட்டஸ் நோட்ஸ் செயலியின் எட்டாம் பதிப்பை, ஜாவாவில் அமைந்த எக்லிப்ஸ் மேடையின்மீது புதிதாகக் கட்டி வெளியிட்டது. இவற்றுள் எதுவும் மக்கள் மனத்தில் நிலைகொள்ளவில்லை. கிரெண்டல் கருவிலேயே நின்றது. கொலம்பா ஆர்வலர் வட்டத்தைத் தாண்டவில்லை. நோட்ஸ் நிறுவனங்களின் கட்டளையால் உயிர்வாழ்ந்தது.

இவ்வொதுக்கலுக்கு நிரலாளரிடையே வழங்கிவரும் விளக்கம் ஒன்று உண்டு. பாவனையாளர் அறியாதவர்கள், புதுமைக்கு அஞ்சுபவர்கள், 'ஜாவா மந்தமானது' என்று எங்கோ கேட்டதைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பவர்கள், செயலியின் உள்ளமைப்பு எத்துணைச் செம்மையானது என்பதைக் காணும் கண் அவர்களுக்கு இல்லை என்பதே அவ்விளக்கம். இதனை மறுப்பதற்குக் கணினி அறிவியற் பட்டம் வேண்டியதில்லை. சன் நிறுவனம் பதிப்புக்குப் பதிப்பு எவற்றைச் சேர்த்தது என்று காலவரிசையில் வைத்துப் பார்த்தாலே போதும்.

பாவனையாளர் என்ன சொன்னார்கள்? கடிதத்தை வாசிக்கும்போது மவுஸின் நடுவிலுள்ள சில்லை உருட்டினால் பக்கம் நகரவில்லை என்றார்கள். இது அறியாமையா? மவுஸின் சில்லைப் புரிந்துகொள்ளும் வசதி ஜாவாவின் 1.4 ஆம் பதிப்பில், 2002 இலேதான் நியமமாகச் சேர்க்கப்பட்டது. புதிய கடிதம் வந்தால் திரையின் மூலையிலுள்ள அறிவிப்புத் தட்டில் அடையாளம் தோன்றவில்லை என்றார்கள். அத்தட்டில் இடம்பிடிக்கும் நியமமான வழி 2006 டிசெம்பரில் வந்த ஆறாம் பதிப்புக்கு முன்னர் ஜாவாவில் இருக்கவில்லை. கடிதத்திலுள்ள இணைய முகவரியை அழுத்தினால் தமது வழக்கமான உலாவி திறக்கவில்லை என்றார்கள். இயங்குதளத்தின் உலாவியையும் பிற செயலிகளையும் அழைக்கும் பொதுவழியும் அதே ஆறாம் பதிப்பிலேதான் வந்தது. எழுத்துகள் மற்றைய சாளரங்களிற் போலத் தெளிவாக இல்லை, கண் உறுத்துகிறது என்றார்கள். தட்டைத் திரைகளுக்கேற்ப எழுத்தை மென்மையாக்கித் தீட்டும் முறையும் அதே பதிப்பின் கொடையே. செயலி திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது என்றார்கள். தொடக்க நேரத்தைக் குறைப்பதற்காக 2004 இல் ஐந்தாம் பதிப்பில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவும் போதாதென்று 2008 இல், ஜாவாவின் கோப்புகளை முன்கூட்டியே நினைவகத்திற்கு ஏற்றிவைக்கும் துணைநிரல் ஒன்று ஆறாம் பதிப்பின் திருத்தமொன்றோடு அனுப்பப்பட்டது.

கேட்டதையே ஒப்புவிக்கும் கிளிப்பிள்ளைகள் இவ்வளவு துல்லியமாகவா பேசும்? சன் நிறுவனத்தின் பொறியியலாளர் பத்தாண்டுக் காலம் செய்து முடித்த வேலைகளின் பட்டியலும் பாவனையாளரின் முறையீட்டுப் பட்டியலும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. முறையிட்டவர்களுக்கு மெய்நிகர் இயந்திரம் என்றால் என்னவென்று தெரியாதிருக்கலாம். நோயாளிக்கு உடற்கூற்றியல் தெரியாது. ஆயினும் எங்கே வலிக்கிறது என்று அவனைத் தவிர வேறு யார் சொல்வது? வலிக்கும் இடத்தைச் சுட்டியவனைப் பார்த்து 'நீ உடற்கூற்றியல் படித்தாயா?' என்று கேட்கும் வைத்தியனை நாம் எவ்வாறு மதிப்போம்?

இதனாற் பாவனையாளர் யாவரும் நீதிமான்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. செயலியைத் திறந்தும் பாராமல், அது ஜாவாவில் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தூற்றியவர்கள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பிறப்பை விசாரித்துத் தகுதியை நிர்ணயிக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அதனை மனிதர்மீது பிரயோகிப்பது கொடுமை, மென்பொருள்மீது பிரயோகிப்பது சோம்பேறித்தனம். இத்தகையோரின் கூச்சல் நேர்மையான முறையீட்டுக்கே தீங்கு செய்தது. எப்படியெனின், நிரலாளர் தம்மை நோக்கி வந்த கண்டனம் அனைத்தையும் இக்கூச்சலோடு சேர்த்துக் கட்டி ஒரே கூடையில் எறிவதற்கு இது வாய்ப்பளித்தது. பத்துப் பேர் காரணத்தோடு பேச, பதினோராவது ஆள் காரணமின்றி ஏசினால், அந்தப் பதினோராவது ஆளுக்கு மட்டும் மறுமொழி எழுதிவிட்டு வாதம் முடிந்ததெனக் கைகழுவுவது எல்லா அதிகாரங்களும் கையாளும் உபாயந்தான்.

ஜாவா பிறவியிலேயே குறைபாடுடையது என்ற கூற்றைப் பொய்யாக்குவதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 2003 இல் ஆரம்பிக்கப்பெற்ற லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேஷனைச் சார்ந்த இளைஞர்கள், அப்பாச்சி அக்ஸிஸ் 2 என்னும் ஜாவா மென்பொருளின் உருவாக்கத்தில் முன்னணியில் நின்றனர். 2005 இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் இவ்வழியிலேயே உலக அரங்கிற் பெயர் பெற்றது. இவை யாவும் சேவையகங்களில், அதாவது மனிதக் கண் படாத அறைகளில் ஓயாது இயங்கும் பொறிகளில் வாழும் மென்பொருட்கள். அங்கே நிரல் ஒருமுறை தொடங்கினால் வாரக்கணக்கில் ஓடும். தொடங்குவதற்கு அரை நிமிடம் எடுத்தால் யாருக்கு என்ன? நினைவகம் வேண்டுமாயின் நிறுவனம் வாங்கிக் கொடுக்கும். நெடுநேரம் ஓடும் நிரலின் அடிக்கடி பயன்படும் பகுதிகளைக் கண்டறிந்து, அவற்றை இயந்திரமொழிக்கு மாற்றி விரைவுபடுத்தும் ஹொட்ஸ்பொட் என்னும் நுட்பமும் 1999 இல் வந்துவிட்டது. அந்நுட்பத்தின் பயன் நீண்ட ஓட்டத்திலேதான் முழுமையாகக் கிட்டும்.

மேசைக்கணினி மின்னஞ்சற் செயலியின் வாழ்க்கையோ இதற்கு நேரெதிரானது. அது காலையிலே திறக்கப்படும். இரண்டு கடிதம் வாசித்ததும் மூடப்படும். மதியம் மீண்டும் திறக்கப்படும். அருகிலே வேறு நான்கு செயலிகள் அதே நினைவகத்துக்குப் போட்டியிடும். 1990களின் இறுதியில் 32 அல்லது 64 மெகாபைற் நினைவகத்தோடு இயங்கிய வீட்டுக் கணினிகளில், கடிதம் வாசிக்கும் வேலைக்காக முதலில் ஓர் இயந்திரத்துக்குள் இன்னோர் இயந்திரத்தை எழுப்பவேண்டியிருந்தது. ஆகவே சேவையகத்தில் ஜாவாவைப் புகழ்ந்தவனும் மேசைமீது அதனைச் சபித்தவனும் முரண்பட்டவர்கள் அல்லர். இருவரும் தத்தம் இடத்தில் நின்று உண்மையையே பேசினர். நிரலாளர் செய்த பிழை, ஓரிடத்திற் பெற்ற சான்றிதழை மற்றோரிடத்திற் காட்டிப் பாவனையாளரின் வாயை அடைக்க முயன்றமையே.

இவ்விடத்தில் வர்க்கம் சார்ந்த ஓர் உண்மையையும் மறைப்பதற்கில்லை. நிரல் எழுதுபவரின் கணினி எப்போதும் ஊரிலே மிக விரைவான கணினியாகவே இருக்கும். அதிலே அவர் சோதித்துப் பார்க்கும்போது மந்தம் தெரிவதில்லை. அதே செயலி, ஐந்தாண்டு பழமையான கணினியொன்றில் நூலகத்தின் மூலையிலே தவழும்போது, 'நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்பது அவருடைய ஆலோசனையாக அமைகிறது. பாண் இல்லையேற் கேக் உண்ணலாமே என்று சொன்னதாகக் கதையில் வரும் அரசிக்கும் இவருக்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

தோற்றம் பற்றிய முறையீட்டை நிரலாளர் எல்லாவற்றிலும் மிக இழிவாகக் கருதினர். 'அழகு பார்க்க வந்தவர்கள்' என்று ஏளனம் செய்தனர். உருவம், உள்ளடக்கம் பற்றி நெடுங்காலம் விவாதித்துப் பழகிய நம்மவருக்கு இந்த ஏளனத்தின் வறுமை எளிதிற் புலப்படவேண்டும். ஜாவாவின் தொடக்ககால வரைகலைத் தொகுதி, அந்தந்த இயங்குதளத்தின் பொத்தான்களையும் பட்டியல்களையும் இரவல் பெற்றே பயன்படுத்தியது. 1998 இன் இறுதியில் 1.2 ஆம் பதிப்போடு நிலைபெற்ற சுவிங் என்னும் தொகுதி அவ்விரவலைத் துறந்தது. எல்லாப் பொத்தான்களையும் தானே தீட்டிக்கொண்டது. அதனோடு 'மெற்றல்' என்றொரு தோற்றமும் வந்தது. விண்டோஸிலும் அதே தோற்றம், மக்கின்டோஷிலும் அதே தோற்றம். எங்கும் ஒரே முகம்.

எங்கும் ஒரே முகம் என்பது எங்கும் அந்நிய முகம் என்பதே. விண்டோஸில் வாழ்பவனுக்குக் கோப்பைத் திறக்கும் பெட்டி இன்ன இடத்திலே இன்ன பொத்தானோடு இருக்கும் என்பது கைப்பழக்கம். மக்கின்டோஷ்காரன் கட்டளைப் பட்டியலைத் திரையின் உச்சியிலே தேடுவான். அவனுக்கு அது சாளரத்தினுள்ளே கிடைத்தாற் பிறர் வீட்டுச் சமையலறையில் உப்பைத் தேடுபவனின் நிலைதான். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்து எழுத்தாளர் மண்வாசனை வேண்டும் என்று வாதிட்டபோது, அவர்கள் கேட்டது அலங்காரத்தையா? அந்த மண்ணில் வாழ்பவன் தன்னை அடையாளங்கண்டுகொள்ளக்கூடிய உருவம் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியே என்பதுதான் அவர்களது நிலைப்பாடு. மக்கள் பேச்சை இழிசனர் வழக்கென்று ஒதுக்கிய பண்டிதர்கள் அன்று பொதுமையின் பெயரால், தூய்மையின் பெயரால் வாதிட்டனர். ஒவ்வோர் இயங்குதளத்தின் வழக்கையும் ஒதுக்கித் தமது பொதுமொழியைத் திணித்த சுவிங் பண்டிதர்களும் அதே பெயர்களாலேயே வாதிட்டனர். ஒப்புமை முற்றும் பொருந்தாது என்பார் இருக்கலாம். ஆயினும் சன் நிறுவனமே பின்னைய பதிப்புகளில் அந்தந்த இயங்குதளத்தின் சாயலைப் போலச்செய்யப் பெருமுயற்சி எடுத்தது. ஐ.பி.எம். தனது எக்லிப்ஸுக்காக இயங்குதளத்தின் பொத்தான்களையே மீண்டும் இரவல் வாங்கும் வேறொரு தொகுதியை உருவாக்கியது. வழக்கில் வென்றது யார் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுமா?

உள்ளமைப்பின் சிறப்பை யான் மறுக்கவில்லை. கிரெண்டலையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடிதத்துக்கு எழுந்த மறுமொழிகளையும் அவற்றின் மறுமொழிகளையும் கிளைகிளையாகக் கோத்துக் காட்டும் வழிமுறை ஒன்றை ஜேமி ஜவின்ஸ்கி நெட்ஸ்கேப்பின் முந்திய செயலிகளுக்காக வகுத்திருந்தார். கிரெண்டலில் அது ஜாவாவில் மீண்டும் எழுதப்பட்டது. அவர் அதனை விளக்கி எழுதிய குறிப்பு பின்வந்த செயலிகள் பலவற்றுக்கு வழிகாட்டியது. 2008 இல் மின்னஞ்சல் நியமங்களுள் ஒன்றாக வெளியான ஆவணமும் தன் வழிமுறைக்கு அதனையே அடிப்படையாகக் கொண்டது. செயலி மடிந்தது, சிந்தனை வாழ்கிறது. நல்ல உள்ளமைப்பின் பெருமை இது. ஆனால் அப்பெருமையைக் காட்டி, முடிக்கப்படாத ஒரு செயலியைப் பாவனையாளர் போற்றியிருக்கவேண்டும் என்று எவரும் கோரமுடியாது.

எதிர்த்தரப்பாரின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. இன்று நாம் உலாவியினுள்ளே மின்னஞ்சல் வாசிக்கிறோம். அவ்வுலாவி விழுங்கும் நினைவகம் அன்றைய ஜாவாவைவிடப் பன்மடங்கு. இணைய நுட்பங்களை உறைபோட்டு மேசைச் செயலியாக்கும் எலெக்ட்ரன் வகை மென்பொருட்களும் அவ்வாறே. இவற்றைச் சகிக்கும் மக்கள் அன்று ஜாவாவைச் சகிக்காதது வெறும் தப்பெண்ணமன்றோ என்பர். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது என்ன நடந்தது? மற்றைய இலவச அஞ்சற் சேவைகள் சில மெகாபைற் இடமே தந்துகொண்டிருந்த வேளையில் அது 1 கிகாபைற் தந்தது. பழைய கடிதத்தைச் சொல்லொன்றைக் கொண்டு கணப்பொழுதில் தேட வழிசெய்தது. எந்தக் கணினியிலிருந்தும் கடிதத்தைத் திறக்கமுடிந்தது. பாவனையாளர் விலை கொடுத்தனர், பண்டம் பெற்றனர். (அவர்களது அந்தரங்கமும் அவ்விலையில் அடங்கியது என்பது வேறொரு வழக்கு. அதனையும் ஒருநாள் தொடுக்கவேண்டும்.) ஜாவா மின்னஞ்சற் செயலி கேட்ட விலையும் சிறிதன்று. அதற்குப் பதிலாக அது தந்தது என்ன? பல இயங்குதளங்களில் ஓடுவது. ஒரே கணினியை வைத்திருப்பவனுக்குப் பல இயங்குதளங்களால் ஆவதென்ன? அந்தப் பயன் முழுவதும் எழுதியவனுக்கே சென்றது. ஒருமுறை எழுதியவன் அவன். ஒவ்வொரு நாளும் காத்திருந்தவன் மற்றவன்.

2004 டிசெம்பரில் முதற்பதிப்பைக் கண்ட தண்டர்பேர்டும் பல இயங்குதளங்களில் ஓடியது. அதுவும் தன் சாளரங்களைத் தானே தீட்டியது. ஆயினும் மக்கள் அதனை ஏற்றனர். அந்தந்த இயங்குதளத்தின் சாயலுக்கு அது இயன்றவரை இணங்கியது. வேண்டாத அஞ்சலைக் கற்றறிந்து ஒதுக்கும் வசதியையும் தந்தது. இது சி++ மொழியின் வெற்றி என்று எவரேனும் சொல்வாராயின் அவரும் பிறப்பை விசாரிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

லோட்டஸ் நோட்ஸின் எட்டாம் பதிப்பு இரண்டு உருவங்களிற் கிடைத்தது என்பதை இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் ஏனோ குறிப்பிடுவதில்லை. ஜாவா மேடையில் அமைந்தது நியம உருவம். அம்மேடையின்றிப் பழைய முறையில் இயங்கியது அடிப்படை உருவம். வலுக்குறைந்த கணினிகளை வைத்திருப்போருக்கு இரண்டாவதே கதியாயிற்று. புதியதின் மேன்மையில் முழுநம்பிக்கை கொண்ட நிறுவனம் பழையதை ஏன் கூடவே கட்டி அனுப்பவேண்டும்? பாவனையாளரின் கண்டனம் வரும் என்பதை ஐ.பி.எம். முன்னரே அறிந்திருந்தது என்றே கொள்ளவேண்டியுள்ளது. அந்நிறுவனம் நோட்ஸை 2019 இல் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்திடம் கையளித்துவிட்டு விலகியது.

இறுதியாக, நம்மைச் சார்ந்த ஒரு சேதி. ஜாவா தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியைத் தன் எழுத்தமைப்பாகக் கொண்டது. 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆகவே உலகின் எல்லா மொழிகளும் ஜாவாவில் இயல்பாகவே வாழும் என்று பறைசாற்றப்பட்டது. தமிழைச் சேமித்துவைக்க ஜாவாவால் முடிந்தது என்பது மெய்யே. ஆனால் தமிழ் எழுத்தைச் சேமிப்பது வேறு, தீட்டிக்காட்டுவது வேறு. 'கெ' என்னும் எழுத்தில் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். இயங்குதளத்தின் பொத்தான்களைத் துறந்து எல்லாவற்றையும் தானே தீட்டப் புறப்பட்ட சுவிங், இந்த இடமாற்றத்தையும் தானே கற்றிருக்கவேண்டும். 1.2 ஆம் பதிப்பில் அரபுக்கும் எபிரேயத்துக்கும் அக்கவனம் கிட்டியது. தமிழின் முறை வரக் காலம் பிடித்தது. அதுவரையில் ஜாவாச் சாளரத்தில் விழுந்த தமிழ்க் கடிதத்திற் கொம்புகள் தத்தம் மெய்யெழுத்துக்குப் பின்னே அநாதையாக நின்றன. ஒருமுறை எழுதிய நிரல் எங்கும் ஓடத்தான் செய்தது. கொழும்பிலும் ஓடியது, யாழ்ப்பாணத்திலும் ஓடியது. வாசிக்கத்தான் முடியவில்லை. இதனைச் சொன்ன தமிழ்ப் பாவனையாளனுக்கு உள்ளமைப்புப் பற்றிய அறிவு வேண்டியிருந்ததா? எழுத்துருவை மாற்றிப் பாருங்கள் என்பது இத்தகைய முறையீடுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி. குறை எழுத்துருவிலன்று, தீட்டும் பொறியிலேயே இருந்தமையால், எந்த எழுத்துருவை நிறுவினாலும் கொம்பு இடம்மாறப்போவதில்லை.